கனடாவில் முதல் ஆறு வாரங்கள்: எதை முடித்துவிட்டு எதற்குப் போவது

நிரந்தர வசிப்புரிமை பெற்றுக் குடும்பத்தோடு கனடாவுக்குக் கிளம்புகிறவர்கள் கையில், போய்ச் சேர்ந்ததும் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் ஒன்று கட்டாயம் இருக்கும். உறவினர் அனுப்பியது, நண்பர் சொன்னது, இணையத்தில் படித்துக் குறித்துக்கொண்டது என்று சேர்ந்து சேர்ந்து அது நான்கு பக்கத்துக்கு வளர்ந்திருக்கும். எந்த வேலையும் விட்டுப்போயிருக்காது. எது முடிந்தால்தான் எது தொடங்கும் என்பது மட்டும் அதில் இருக்காது. திருச்சியிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவுக்கு வந்தபோது நாங்கள் அலைந்த அலைச்சலில் பாதி, இந்த வரிசை தெரியாததால் வந்தது. ஒன்டாரியோ மாகாணத்தை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். வேறு மாகாணத்துக்குப் போகிறவர்களுக்கு மருத்துவ அட்டை, வாடகைச் சட்டம், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் விதிகள் மாறும்.

முதல் வேலை விமான நிலையத்திலேயே இருக்கிறது. சுங்க அதிகாரியிடம் கையிலுள்ள பொருள்களுக்கு ஒரு பட்டியலும், பின்னால் வரப்போகும் பொருள்களுக்கு ஒரு பட்டியலும் கொடுக்க வேண்டும். அதற்கான படிவத்தின் பெயர் பிஎஸ்எஃப்186. நம் வீடுகளில் இதில் தவறவிடப்படுவது நகைதான். வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு வந்த நகைகளை இரண்டு ஆண்டு கழித்துக் கொண்டுவர எண்ணியிருந்தாலும், முதல் வருகையின்போதே அவற்றை இரண்டாவது பட்டியலில் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் பின்னர் கொண்டுவரும்போது வரி கட்ட நேரிடலாம். ‘தங்கச் சங்கிலி’ என்று மொட்டையாக எழுதாமல், எடை, மதிப்பு, புகைப்படம் ஆகியவற்றோடு கொடுப்பது நல்லது. 10,000 கனடிய டாலர் அல்லது அதற்கு மேல் பணம் கொண்டுவந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். சொல்வதால் வரி எதுவும் விழாது, மறைத்தால்தான் சிக்கல்.

அடுத்தது சின் எண் எனப்படும் சமூகக் காப்பீட்டு எண். வேலை, வங்கி வட்டி, வரி, பிள்ளைகளுக்கான உதவித்தொகை எல்லாவற்றுக்கும் இந்த ஒன்பது இலக்க எண் தேவை. கடவுச்சீட்டையும் வசிப்புரிமை உறுதி ஆவணத்தையும் எடுத்துக்கொண்டு மத்திய அரசின் சர்வீஸ் கனடா அலுவலகத்துக்கு நேரில் போனால் பெரும்பாலும் அன்றைக்கே கொடுத்துவிடுகிறார்கள், கட்டணம் கிடையாது. 2014 முதல் இதற்கு அட்டை இல்லை, ஒரு தாள் மட்டுமே. அதை மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டு திரியாமல் வீட்டில் பத்திரப்படுத்துங்கள். வாடகைக்கு வீடு தருகிறவர் இந்த எண்ணைக் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. வங்கிக் கணக்கையும் அதே வாரத்தில் தொடங்கிவிடலாம். புதிதாக வந்தவர்களுக்கென்று பெரிய வங்கிகள் எல்லாவற்றிலும் தனித் திட்டம் உண்டு. அதில் கடன் அட்டையும் சேர்த்துக் கேட்டு வாங்கி, மளிகைக்கு மட்டும் பயன்படுத்தி, கெடுவுக்குள் முழுத் தொகையையும் கட்டிவருவது நல்லது. ஊரில் எவ்வளவு நாணயமாகக் கடன் அடைத்திருந்தாலும் இங்குள்ள கடன் மதிப்பெண்ணில் அது ஏறாது. 300 முதல் 900 வரையிலான அந்தக் கணக்கைப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.

இதற்குப் பிறகு வரும் எல்லா வேலையும் ஒரு முகவரியைக் கேட்கிறது. மருத்துவ அட்டைக்கு முகவரிச் சான்று வேண்டும். பள்ளிக்கூடம் எது என்பதை முகவரிதான் முடிவுசெய்கிறது. நிரந்தர வசிப்புரிமை அட்டை அஞ்சலில்தான் வருகிறது. ஆகவே தெரிந்தவர் வீட்டில் தங்கியிருக்கும் முதல் இரண்டு மூன்று வாரங்களில் மற்றவற்றைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு வீடு தேடுவதிலேயே கவனம் வைப்பது நல்லது என்பது என் கருத்து. நாங்கள் நேர்மாறாக எல்லாவற்றையும் உறவினர் முகவரியில் பதிவுசெய்துவிட்டு, பிறகு ஒவ்வோர் அலுவலகமாக மாற்றிக்கொண்டு திரிந்தோம்.

ஸ்கார்பரோவில் நம்மவர்கள் பலருக்கு முதல் வீடு ஒரு பேஸ்மென்ட்தான், அதாவது தனி வீடொன்றின் நிலவறைத் தளம். வாடகை குறைவு, மேலே தமிழ்க் குடும்பம் இருக்கும், காய்ச்சல் என்றால் ரசம் கூட இறங்கிவரும். ஆனால் அதைப் பார்க்கப் போகும்போது சமையலறையின் அழகைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. தீ விபத்து நேர்ந்தால் வெளியேறும் அளவுக்குச் சன்னல் அல்லது இன்னொரு வழி இருக்கிறதா, புகை எச்சரிப்பானும் கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பானும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். பிறகு வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி எந்தத் தளத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். அது மேல்வீட்டுக்காரர் கையில் இருந்தால், சனவரியில் அவர் வேலைக்குப் போகும்போது குறைத்துவிட்டுப் போவார், கீழே குழந்தை நடுங்கும். டொராண்டோ நகர விதிப்படி, வெப்பம் வீட்டு உரிமையாளர் பொறுப்பில் இருந்தால் குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 21 டிகிரி இருக்க வேண்டும். துணி துவைக்கும் இயந்திரம் எந்தெந்த நாளில் உங்களுக்கு, வாசல் பனியை யார் அள்ளுவது என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, ஒன்டாரியோவில் 2018 ஏப்ரல் 30 முதல் பெரும்பாலான தனியார் வாடகை வீடுகளுக்கு அரசின் பொதுப் படிவத்தையே பயன்படுத்த வேண்டும். முன்பணமாக உரிமையாளர் கேட்கக்கூடியது கடைசி மாதத்துக்கான வாடகை மட்டுமே. ‘சேதத்துக்கு’ என்று தனியாக ஒரு தொகை கேட்பதும், பின்தேதியிட்ட காசோலைகளைத் தந்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்துவதும் சட்டத்துக்கு ஒவ்வாதவை. சென்னையில் பத்து மாத முன்பணம் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்; அந்தப் பழக்கத்தாலேயே கேட்டதைக் கொடுத்துவிடுகிறோம். வீட்டை நேரில் பார்க்காமல், ஊரிலிருந்தபடியே யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள்.

வீடு கிடைத்ததும் ஒரு துண்டுத் தாளில் குடும்பத்தினர் எல்லோருடைய பெயரையும் எழுதி அஞ்சல் பெட்டியில் ஒட்டுங்கள். அற்பமான வேலைபோலத் தோன்றும். எங்கள் வீட்டில் பெட்டி ஒன்று, குடும்பம் இரண்டு. நான் என் பெயரை மட்டும் ஒட்டியிருந்தேன். மனைவியின் மருத்துவ அட்டை அவருடைய தகப்பனார் பெயரைக் குடும்பப்பெயராகத் தாங்கி வந்தது. மேல்வீட்டுக்காரர் இப்படி யாரும் இங்கே இல்லையே என்று உறையின்மேல் அப்படியே எழுதி, நல்ல எண்ணத்தோடு திருப்பிப் போட்டுவிட்டார். அட்டை எங்கள் கைக்கு வந்து சேர மேலும் ஐந்து வாரம் ஆயிற்று.

இந்தப் பெயர்ச் சிக்கல் அஞ்சல் பெட்டியோடு நிற்பதில்லை. தகப்பனார் பெயரை முதலெழுத்தாகப் போட்டுக்கொள்ளும் நம் வழக்கம் இங்குள்ள படிவங்களின் இரண்டு கட்டத்துக்குள் அடங்குவதில்லை. கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருந்தால், கனடிய ஆவணங்களில் உங்கள் சொந்தப் பெயரே குடும்பப்பெயர் கட்டத்துக்குப் போய்விடும். கணவனுக்கு ஒரு பெயர், மனைவிக்கு ஒரு பெயர், பிள்ளைகளுக்கு வேறொரு பெயர் என்று ஒரே வீட்டில் மூன்று குடும்பப்பெயர்கள் உருவாகும். அதனால் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் வசிப்புரிமை ஆவணத்தில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஓர் எழுத்துக்கூட மாறாமல், வங்கி முதல் பள்ளி வரை எல்லா இடத்திலும் எழுத வேண்டும். பெற்றோர் பெயருள்ள பிறப்புச் சான்றிதழ்களும் திருமணப் பதிவுச் சான்றிதழும் கைவசம் இருந்தால் விளக்கம் சொல்லும் நேரம் மிச்சமாகும். அவை தமிழில் இருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்போடு வாருங்கள்.

முகவரிச் சான்று கையில் கிடைத்த நாளே மாகாண அரசின் சர்வீஸ் ஒன்டாரியோ நிலையத்துக்குப் போய், எல்லோரும் ஓஹிப் என்று சொல்லும் மாகாண மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். வசிப்புரிமை, ஒன்டாரியோ முகவரி, அடையாளம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி ஆவணம் கேட்பார்கள். மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். அந்த விதி 2020 மார்ச்சில் எடுக்கப்பட்டுவிட்டது. பல், கண்ணாடி, பெரியவர்களின் மருந்துச் செலவு ஆகியவை பொதுவாக இதில் அடங்காது. பல் அடைப்பதையும் கண்ணாடி மாற்றுவதையும் ஊரிலேயே முடித்துவிட்டு வருவது பெரிய சேமிப்பு. நிரந்தரக் குடும்ப மருத்துவர் அமைய நாளாகும். அதுவரை முன்பதிவில்லாத வாக்-இன் கிளினிக்குகள் உண்டு, 811 என்ற எண்ணில் எந்நேரமும் செவிலியரிடம் ஆலோசனை கேட்கலாம்.

பள்ளியில் சேர்க்க மதிப்பெண் பட்டியலைவிடத் தடுப்பூசி அட்டைதான் முக்கியம். வகுப்பைப் பிறந்த ஆண்டை வைத்துத்தான் முடிவுசெய்கிறார்கள். பள்ளியில் சேரும் ஆண்டில் நான்கு வயது நிறையும் குழந்தைக்கே மழலை வகுப்பில் இடம் உண்டு. ஒன்டாரியோ கேட்கும் தடுப்பூசிகளில் 2010-இலோ அதற்குப் பின்னோ பிறந்த பிள்ளைகளுக்கான சின்னம்மைத் தடுப்பூசியும் ஒன்று. அது இந்திய அரசின் இலவசத் திட்டத்தில் இல்லாததால் நம் பிள்ளைகள் பலர் போட்டிருக்க மாட்டார்கள். மதிய உணவில் வேர்க்கடலைச் சட்னியும் முந்திரியும் கூடாது. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காகப் பெரும்பாலான பள்ளிகள் இதைக் கண்டிப்பாகச் சொல்கின்றன. சூடுபண்ணித் தரமாட்டார்கள் என்பதால், வாயகன்ற சுடுகுடுவை ஒன்றில் முதலில் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு சாம்பார் சாதத்தை அடைத்தால் பகல் பன்னிரண்டு மணிக்கும் சூடு இருக்கும்.

பள்ளிச் சேர்க்கை முடிந்ததும் பிள்ளைகளுக்கான கனடா உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். ஆர்சி66 படிவத்தோடு, வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்தைக் கேட்கும் இணைப்புப் படிவமும் சேர்த்து அனுப்ப வேண்டும். முதல் வருமான வரிப் படிவம் கொடுத்த பிறகுதான் இதற்கு விண்ணப்பிக்கலாம் என்று நினைத்துப் பலர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். நிரந்தர வசிப்புரிமையுள்ள குடும்பத்துக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை. தாயும் தந்தையும் ஒரே வீட்டில் இருந்தால் பொதுவாகத் தாயின் பெயரில் விண்ணப்பிப்பதே முறை என்பதால், அவருக்கும் சின் எண்ணும் வங்கிக் கணக்கும் முதல் வாரத்திலேயே வேண்டும்.

பெட்டி கட்டுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். மிக்சியையும் கிரைண்டரையும் கொண்டுவராதீர்கள். இங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். 230 வோல்ட் மிக்சியைச் செருகினால் சுற்றுமே தவிர அரைக்காது. இங்குள்ள மின்சாரத்துக்கேற்ற இந்திய மிக்சிகள் ஸ்கார்பரோ தமிழ்க் கடைகளிலேயே கிடைக்கின்றன. பிரஷர் குக்கர் தாராளமாக வரலாம். குழிவான அடியுள்ள இரும்புச் சட்டி மின்னடுப்பில் நிற்காமல் ஆடும். கண்ணாடித் தளம் கொண்ட அடுப்பில் சொரசொரப்பான தோசைக்கல் கீறல் போடும். முதல் நாள் கடுகு தாளிக்கும்போது புகை எச்சரிப்பான் அலறினால் பயப்பட வேண்டாம். புகைபோக்கி விசிறியைப் போட்டு, சன்னலைத் திறந்து, துண்டால் விசிறினால் அடங்கும். தொல்லை என்று அதன் பேட்டரியைக் கழற்றுவது மட்டும் கூடாது. குளிராடை சென்னையில் வாங்குவதும் வீண். இங்குள்ள பனிக்கு அது தாங்காது. விலைச்சீட்டில் இருப்பதற்கு மேல் 13 விழுக்காடு விற்பனை வரி சேரும் என்பதைக் கடைக்குப் போகும்போது நினைவில் கொள்ளுங்கள். அடிப்படை உணவுப்பொருள்களுக்கு அது இல்லை.

ஊர் ஓட்டுநர் உரிமத்தோடு 60 நாள் வரை வண்டி ஓட்டலாம். அதற்குள் ஒன்டாரியோ உரிமத்தின் முதல் படியான ஜி1 எழுத்துத் தேர்வை முடித்துவிட வேண்டும். ஊரில் எத்தனை ஆண்டு ஓட்டினீர்கள் என்று சான்றளிக்கும் கடிதத்தைப் போக்குவரத்து அலுவலகத்தில் கிளம்புமுன் வாங்கி வந்தால், இரண்டு ஆண்டுக்கு மேல் அனுபவம் உள்ளவர் இடைப்பட்ட தேர்வுக் காத்திருப்பைத் தவிர்த்து நேராக இறுதி ஓட்டுத் தேர்வுக்குப் போகலாம். இங்கிருந்துகொண்டு அந்தக் கடிதத்தை வரவழைப்பது பெரும்பாடு. கார் வாங்கும்வரை டொராண்டோ பேருந்துகளில் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது, பெரியவர் ஒருமுறை அட்டையால் கட்டணம் செலுத்தினால் இரண்டு மணி நேரம் மாறி மாறிப் பயணம் செய்யலாம். அந்தப் பயணங்களில் ஒன்றை அருகிலுள்ள நகர நூலகக் கிளைக்குச் செய்யுங்கள்; இலவச உறுப்பினர் அட்டை, கிளைகள் சிலவற்றில் தமிழ்ப் புத்தகங்கள், புதிதாக வந்தோருக்கு உதவும் ஆலோசகர்கள் ஆகிய மூன்றும் அங்கே கிடைக்கும்.

நாள்காட்டியில் இன்றே குறித்துக்கொள்ள வேண்டிய தேதி அடுத்த ஆண்டின் ஏப்ரல் 30. டிசம்பரில் வந்திறங்கி ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கவில்லை என்றாலும், கணவனும் மனைவியும் தனித்தனியே வருமான வரிப் படிவம் கொடுத்துவிட வேண்டும். இருவரில் ஒருவர் விட்டுவிட்டாலும் பிள்ளைகளுக்கான உதவித்தொகை சூலை மாதத்தில் நின்றுவிடும்.