டிசிசிக்கு மாறுகிறீர்களா? முதலில் பலகைக்கு அடியில் குனியுங்கள்

எச்ஓ அளவு மாதிரி ரயில் லேஅவுட்டில், வோல்ட்டேஜை மாற்றி வேகத்தை மாற்றும் பழைய டிசி கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டிசிசி பெட்டியை மாட்டியதும் எஞ்சின் தடுக்கித் தடுக்கி ஓடினால், பலரும் அதற்குள் இருந்து கட்டளையைப் படிக்கும் சிறு சர்க்யூட்டான டிகோடரைத்தான் சந்தேகிக்கிறார்கள். பாவம், அது. டிசியில் ஒரு ஜாயினர் (தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் உலோகத் தகடு) தளர்ந்திருந்தால் வண்டி கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். டிசிசியில் கட்டளையும் அதே தண்டவாளம் வழியாகத்தான் போகிறது. நொடிப்பொழுது தொடர்பு விட்டாலும் எஞ்சின் திக்கும்.

பழைய கன்ட்ரோலரை முழுவதுமாகப் பிரித்து எடுத்துவிடுங்கள். இரண்டும் ஒரே பாதையில் இணைந்திருந்தால் ஏதாவது ஒன்று புகையும். பழைய மின் இணைப்புத் துண்டுக்குள் சிறிய கெப்பாசிட்டர் இருந்தால் வெட்டி எறியுங்கள். டிசிசி சிக்னலை அது கெடுக்கும்.

பலகைக்கு அடியில் சிவப்பும் கறுப்புமாக 1.5 ஸ்கொயர் எம்எம் வயர் இரண்டை லேஅவுட் நெடுக ஓட்டுங்கள். அதிலிருந்து மீட்டருக்கு ஒரு ஜோடி ஃபீடர் (தண்டவாளத்துக்கு ஏறும் கிளை வயர்), 0.5 ஸ்கொயர் எம்எம், முடிந்தவரை குட்டையாக. ஜாயினரை நம்ப வேண்டாம், நாளாக நாளாகக் கறுக்கும். ஃபீடரைத் தண்டவாளத்தின் வெளிப்பக்கம் பற்றவையுங்கள். உள்பக்கம் ஈயம் திரண்டால் சக்கரம் ஏறி இறங்கும். இரு பக்கமும் ஈரப் பஞ்சு வைத்தால் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் கட்டை உருகாது.

இனி நாணயச் சோதனை. மின்சாரத்தைப் போட்டு, ஒரு ரூபாய் நாணயத்தை இரு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். பாதைக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் உடனே அதைத் துண்டிக்க வேண்டும். பாதை முழுக்க, குறிப்பாகப் பூஸ்டரிலிருந்து தொலைவான மூலைகளில், இதைச் செய்யுங்கள். எங்காவது துண்டிக்காவிட்டால் நாணயத்தைச் சட்டென எடுத்துவிட்டு அங்கே ஃபீடர் கூட்டுங்கள். 15 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் 75 வாட். தடம் புரண்ட வண்டியின் சக்கரத்தில் அது இறங்கினால் பிளாஸ்டிக் இளகிவிடும்.

பாதை பிரியும் பாயின்ட்டில் ஷார்ட் ஆகிறதா? எல்லா வண்டிக்கும் ஆனால், லைவ் ஃபிராக் பாயின்ட்டில் (தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் ஃபிராக் மூக்கிலும் மின்சாரம் பாயும் வகை) ஃபிராக்கைத் தாண்டிய இரு உள் தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் ஜாயினர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு பெட்டிக்கு மட்டும் ஆனால் குற்றவாளி சக்கரம்: இரு சக்கரங்களின் உட்புற இடைவெளி சுமார் 14.4 மி.மீ.க்குக் குறைந்தால், பாயின்ட்டின் நகரும் தண்டவாளமான நாக்கு திறந்திருக்கும் பக்கத்தில், சக்கரத்தின் முதுகு அதைத் தொடும். வளைந்து தன்மேல் திரும்பும் பாதை இருந்தால் அந்தத் துண்டை இரு முனையிலும் பிரித்து, மின்முனைகளைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ரிவர்சர் போட வேண்டும். துண்டு உங்கள் மிக நீள ரயிலைவிட நீளமாக இருக்கட்டும்.

டிகோடர் மாட்டிய எஞ்சினை நேரே மெயின் பாதையில் வைக்காதீர்கள். டிகோடரை அமைப்பதற்கான தனித் தண்டவாளத் துண்டான புரோகிராமிங் டிராக்கில் மின்னோட்டம் குறைவு. வயர் மாறியிருந்தாலும் டிகோடர் தப்பிக்கும். அங்கே சிவி8-ஐப் படியுங்கள் (சிவி என்பது டிகோடரில் பதிந்திருக்கும் அமைப்பு எண்). எண் வந்தால் இணைப்பு சரி. வராவிட்டால் முதலில் சக்கரத்தைத் துடையுங்கள்: டிகோடர் மோட்டாரை ஒரு கணம் இழுத்துத்தான் பதில் சொல்கிறது, அழுக்கு அதை மறைத்துவிடும்.

எஞ்சின் ஓடுகிறது, விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் டிகோடரின் 8 பின் பிளக்கைத் தலைகீழாகச் செருகியிருக்கலாம். வேகத்தைக் கூட்டும்போது விளக்கு எரிந்து எரிந்து அணைந்தால் சிவி29-இல் வேகப்படி (வேகத்தை எத்தனை படிகளாகப் பிரிப்பது என்பது) பெட்டியோடு பொருந்தவில்லை. சொல்லாமலே முழு வேகத்தில் பாய்ந்தால் பழைய டிசியிலும் ஓடவைக்கும் அனலாக் வசதியை அணையுங்கள்: எஞ்சினை அழைக்கும் எண்ணான முகவரி குறுமுகவரியானால் சிவி29-இல் 2, நெடுமுகவரியானால் 34. புது டிகோடரின் முகவரி 3. மாற்றாமல் விட்டால் இரண்டு எஞ்சின் சேர்ந்தே கிளம்பும்.

பாயின்ட் மோட்டார்களுக்குத் தனி மின்சாரம் கொடுங்கள். தப்பாகத் திரும்பிய பாயின்ட்டில் எஞ்சின் ஏறி ஷார்ட் ஆகும்போது தண்டவாளத்தில் மின்சாரம் போய்விடும். அதிலிருந்தே மோட்டாரும் ஓடினால் பாயின்ட்டைத் திருப்ப விரல்தான் மிச்சம்.