கம்பேக் ஆல்பம் பிடிக்கவில்லையா? புகாரைத் தப்பான விலாசத்துக்கு அனுப்பாதீர்கள்

2022 செப்டம்பர் 16, வெள்ளிக்கிழமை. கொரியாவில் பிற்பகல் 1 மணி, நமக்குக் காலை ஒன்பதரை. பிளாக்பிங்க் என்ற கொரியப் பெண்கள் குழுவின் 'பார்ன் பிங்க்' ஆல்பம் வெளியானது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், பத்து மணி ஆவதற்குள் ஆல்பமே முடிந்துவிட்டது. எட்டே பாட்டு, எல்லாம் சேர்த்து 24 நிமிடத்தை ஒட்டித்தான் வரும். அதிலும் 'பிங்க் வெனம்' ஆகஸ்ட் 19-லேயே வந்துவிட்ட பாட்டு, 'ரெடி ஃபார் லவ்' அதற்கும் முன்னால் ஜூலையில் பப்ஜி மொபைலுக்காக வீடியோவாக வந்தது. ஆக, அன்று காலை புதிதாகக் காதில் விழுந்தது ஆறு பாட்டு. முந்தைய ஆல்பம் வந்தது 2020 அக்டோபர் 2-ல் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் வயிறு எரியத்தான் செய்யும்.

அன்று மதியத்துக்குள் பிளிங்க்குகள், அதாவது பிளாக்பிங்க் ரசிகர்கள், இரண்டு கட்சியாகப் பிரிந்தாயிற்று. குறை சொல்கிறவன் பிளிங்கே இல்லை, பேசாமல் ஸ்ட்ரீம் பண்ணு என்றது ஒரு கட்சி. ஜிசூ, ஜென்னி, ரோஸே, லிசா நான்கு பேருக்கும் பாட்டில் அக்கறையே இல்லை, ஃபேஷன் ஷோவுக்குப் போகத்தான் நேரம் இருக்கிறது என்றது இன்னொன்று. இரண்டு கட்சியிலும் நான் கொடி பிடித்திருக்கிறேன், வெவ்வேறு வருடங்களில். அதனால்தான் இதை எழுதத் தைரியம் வந்தது.

முதலில் ஒரு சின்ன விஷயம். கே-பாப்புக்கு, அதாவது கொரிய பாப் இசைக்கு, புதிதாக வருகிறவர்கள் 'கம்பேக்' என்றதும் குழு பிரிந்துபோய் மறுபடி சேர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. கொரியாவில் ஒவ்வொரு புது வெளியீடும் கம்பேக்தான், ஆறு மாதம் கழித்து வந்தாலும் சரி, இரண்டு வருடம் கழித்து வந்தாலும் சரி. "திரும்பி வந்ததே பெரிய விஷயம், அதைப் போய்க் குறை சொல்கிறீர்களே" என்று யாராவது உருகினால், இது அவர்களுடைய வழக்கமான வேலை, வேலையைப் பற்றிப் பேசலாம் என்று தாராளமாகச் சொல்லுங்கள்.

இப்போது பெரிய தவறுக்கு வருகிறேன். எட்டுப் பாட்டுதான் என்ற கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் ஜிசூவின் இன்ஸ்டாகிராம் படத்துக்குக் கீழே கொட்டுவதில் என்ன நியாயம்? ஆல்பத்தில் எத்தனை பாட்டு, எந்த மாதம் வெளியீடு, எது டைட்டில் டிராக் (முதன்மைப் பாட்டு), எத்தனை எம்வி (மியூசிக் வீடியோ) எடுப்பது என்பதெல்லாம் பெரும்பாலும் ஏஜென்சி மேசையில் முடிவாகிறவை. பிளாக்பிங்க் விஷயத்தில் அது ஒய்ஜி என்டர்டெயின்மென்ட். பாட்டின் ஓசையே சலிப்பாக இருக்கிறது, அதே ராப், பீட் வெடித்து இறங்கும் அதே டிராப் என்று உங்களுக்குத் தோன்றினால் கேட்க வேண்டிய இடம் தயாரிப்பாளர் பக்கம். 2016-ல் குழு அறிமுகமானதிலிருந்து அந்த ஓசையைச் செதுக்கியவர்களில் முதல் பெயர் தயாரிப்பாளர் டெடி. 'ஷட் டவுன்' பாட்டில் இத்தாலிய வயலின் மேதை பாகனினியின் 'லா காம்பனெல்லா' வயலினை எடுத்துப் போட்டது பிரமாதம் என்று கைதட்டினாலும் சரி, ஒரே சுழற்சியை மூன்று நிமிடம் ஓட்டியிருக்கிறார்கள் என்று சலித்துக்கொண்டாலும் சரி, இரண்டும் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான்.

அதே ஆல்பத்தில் 'யா யா யா' என்று ஒரு பாட்டு. அதன் வரிகளில் ஜிசூவுக்கும் ரோஸேவுக்கும் பங்கு உண்டு. வரிகள் உங்களுக்கு மொக்கையாகப் பட்டால் அங்கே அவர்களைப் பேர் சொல்லி விமர்சிக்கலாம், தப்பே இல்லை, எழுதியவர்கள் அவர்கள். கிரெடிட்டைப் பார்க்க ஒரு நிமிடம் கூட ஆகாது, ஆனால் பாதிப் பேர் பார்ப்பதில்லை. எழுதாத பாட்டுக்குத் திட்டு வாங்குகிறார்கள், எழுதிய பாட்டுக்குப் பாராட்டு வருவதில்லை. இந்த இரண்டாவது கொடுமையைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

குறை சொன்னால் குழுவுக்குக் கெடுதல், எதிர் ரசிகர்கள் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பரப்புவார்கள் என்ற பயமும் இன்னொரு பக்கம் உண்டு. பரப்புவார்கள்தான். அதற்காக வாய் மூடிக்கொண்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இரண்டு சம்பவங்களை வைத்துப் பாருங்கள், இரண்டும் 2020-ல் நடந்தவை.

ஜூன் 26-ல் 'ஹவ் யூ லைக் தட்' எம்வி வந்தது. அதில் லிசா உட்கார்ந்திருக்கும் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில், வெறும் தரையில், ஒரு பிள்ளையார் சிலை. சில நொடிதான் தெரியும். நம் நாட்டு ரசிகர்கள் அதைக் கவனித்துவிட்டார்கள், சாமி சிலையைச் செட் சாமான் மாதிரி, அதுவும் தரையில், வைத்திருக்கிறீர்களே என்று கேட்டார்கள். உடனே சொந்தக் கூட்டத்திலிருந்தே, "வியூஸ் சாதனை ஓடிக்கொண்டிருக்கிறது, இப்போது போய் இதை எடுக்கிறீர்களே" என்று வந்தார்கள். இன்னொரு பக்கம், செட்டை அலங்கரித்தது யார் என்றுகூட யோசிக்காமல் லிசாவைத் திட்டுகிறவர்கள். ஆனால் நிதானமாகக் கேட்டவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: இந்தக் காட்சியில் இந்தச் சிலையை எடுங்கள். எடுத்தார்கள். ஒய்ஜி அந்த எம்வியைத் திருத்தியது, இன்றைக்குப் பார்த்தால் சிலை இருக்காது. வியூஸும் குறையவில்லை, யாருடைய வாழ்க்கையும் பாழாகவில்லை.

அக்டோபரில் 'லவ்சிக் கேர்ள்ஸ்' எம்வி. ஜென்னி நர்ஸ் வேடத்தில் சில நொடி வருகிறார், குட்டைப் பாவாடை, குதிகால் செருப்பு. கொரிய மருத்துவப் பணியாளர் தொழிற்சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. நர்ஸ்களைப் பாலியல் பொருளாகக் காட்டும் பழைய புத்தி இது என்பது அவர்கள் வாதம், அதுவும் கொரோனா உச்சத்தில் அவர்கள் உயிரைக் கொடுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்த வருடத்தில். ஒய்ஜி முதலில் இது கலை வெளிப்பாடு என்று சமாளித்துப் பார்த்தது, ஓரிரு நாளில் காட்சியை நீக்குவதாக அறிவித்தது. நான் அப்போது எந்தப் பக்கம் இருந்தேன் என்று கேட்காதீர்கள். மூன்று நொடிக்கு இவ்வளவு கூச்சலா என்று எழுதிய கூட்டத்தில் ஒருவன். எங்கள் குடும்பத்திலேயே நர்ஸாக இருக்கும் அக்கா ஒருவர், "நைட் டியூட்டியில் எங்களிடம் பேஷன்ட்டோட ஆளுங்க எப்படிப் பேசுவாங்கன்னு உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டதற்குப் பிறகுதான் அந்தப் பதிவை அழித்தேன்.

கவனியுங்கள், இரண்டிலும் ஜெயித்த விமர்சனம் குறிப்பானது. எந்தக் காட்சி, என்ன பிரச்சினை, என்ன செய்ய வேண்டும் என்று மூன்றும் அதில் இருந்தன. "ஒய்ஜி ஒழிக" என்று பத்து வருடமாக எழுதுகிறோம், ஒய்ஜி ஒழியவும் இல்லை, கேட்கவும் இல்லை. கொரிய ரசிகர்கள் கோபம் வந்தால் பெரிய எல்இடி திரை பொருத்திய லாரியை வாடகைக்கு எடுத்து ஏஜென்சி அலுவலக வாசலில் நிறுத்துவார்கள். அந்தத் திரையில் ஓடும் வாசகங்களைப் பாருங்கள், பெரும்பாலும் கோரிக்கைகள்தான்: இவருக்குச் சோலோ (தனி ஆல்பம்) எப்போது, இந்தத் தேதிக்குள் பதில் சொல். லாரி வாடகை கொடுக்கிறவன் வசவுக்காகக் காசை வீணாக்க மாட்டான் இல்லையா.

அப்புறம் எண்கள். இதில் நாம் எல்லோருமே முட்டாள்களாகிறோம். 'பார்ன் பிங்க்' அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் முதலிடம் பிடித்தது, கே-பாப் பெண்கள் குழு ஒன்றுக்கு அதுவே முதல் தடவை. பிரிட்டனிலும் முதலிடம். இது சாதனை, சந்தேகமே வேண்டாம். ஆனால் "முதலிடம் வந்துவிட்டது, அதனால் ஆல்பம் நன்றாக இருக்கிறது, நீ வாயை மூடு" என்பது எந்த ஊர் தர்க்கம்? அமெரிக்காவில் அந்த வாரக் கணக்கு 1,02,000 யூனிட் (விற்பனையையும் ஸ்ட்ரீமிங்கையும் சேர்த்த அளவு), அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஆல்பமாக வாங்கியது, கேட்டதில் வந்தது கால் பங்கு. வாங்கியவர்கள் ஏன் வாங்கினார்கள் என்று பார்த்தால், பெட்டியே பிங்க், கறுப்பு, சாம்பல் என்று மூன்று வகை, அப்புறம் நான்கு பேருக்கும் தனித்தனி அட்டையோடு டிஜிபேக் (மடிப்பு அட்டை உறையில் வரும் சிடி). உள்ளே எந்த போட்டோகார்டு (உறுப்பினர் படம் போட்ட சின்ன அட்டை) வரும் என்று தெரியாது. ஒரே ஆளிடம் நான்கைந்து பிரதி இருப்பது சாதாரணம், அதில் ஒரு சிடியைக்கூட அவர் பிளேயரில் போட்டிருக்க மாட்டார். பல குழுக்களுக்கு ஃபேன்சைன் (நேரில் கையெழுத்து வாங்கும் நிகழ்ச்சி) குலுக்கலும் இப்படித்தான், ஒரு ஆல்பத்துக்கு ஒரு சீட்டு. விற்பனை எண் ரசிகர்களின் பிடிமானத்தைச் சொல்லும். பாட்டின் தரத்தைச் சொல்லாது. தலைகீழாகவும் இதே கதைதான், விற்பனை குறைந்த ஆல்பம் மோசமான ஆல்பம் என்று கிடையாது.

யூடியூப் கணக்கு இன்னும் வேடிக்கை. 2019 ஜூலையில் இந்திய ராப் பாடகர் பாட்ஷாவின் 'பாகல்' ஒரே நாளில் ஏழரைக் கோடி வியூஸ் என்று அறிவிக்கப்பட்டு, அதில் விளம்பரம் மூலம் வந்தது எவ்வளவு என்று பெரிய சர்ச்சை ஆனது. அந்த செப்டம்பரிலேயே யூடியூப், காசு கொடுத்த விளம்பர வியூஸை 24 மணி நேரச் சாதனையில் சேர்க்க மாட்டோம் என்று விதியை மாற்றியது. அந்தப் புது விதியில் 'பிங்க் வெனம்' முதல் நாளில் 9 கோடியைத் தாண்டியது. அதற்காகச் சத்தத்தை அணைத்துவிட்டு மூன்று போனில் ஓட்டிய ஆள் நான். பாட்டை ஒழுங்காகக் கேட்டது மறுநாள்தான்.

குழுவில் ஒருவரை மட்டுமே கொண்டாடும் சோலோ ஸ்டேன் விவகாரத்தை நீட்ட விரும்பவில்லை. தன் பயஸுக்கு (மிகப் பிடித்த உறுப்பினருக்கு) எத்தனை நொடி பாட்டு என்று ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து, மிச்ச மூன்று பேரைத் திருடிகள் மாதிரி பேசுவது விமர்சனம் ஆகாது. கொரியர்கள் இதற்கு 'ஆக்கே' என்றே ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள், தனி ஒருவருக்காக மற்றவர்களைக் கடிக்கும் ரசிகர் என்று பொருள். நொடிப் பங்கீடு நியாயமில்லை என்று சொல்லலாம், பங்கிட்டவரிடம் சொல்லுங்கள்.

முதல் தடவை கேட்டதுமே தீர்ப்பு எழுதுவதும் ஒரு வியாதி. 'டேலி' பாட்டை அன்று காலை பாதியில் தாண்டிப் போனேன், இன்றைக்கு அந்த ஆல்பத்தில் நான் திரும்பத் திரும்பக் கேட்பது அது ஒன்றுதான். 'ஷட் டவுன்' எனக்கு இன்னமும் ஒட்டவில்லை. நான்கு வாரம் கழித்து எழுதியிருந்தால் இரண்டையும் சரியாக எழுதியிருப்பேன்.

இப்போது விலாசமும் மாறிவிட்டது, அதைக் கவனிக்காமல் பழைய வசவையே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் பலர். 2023 டிசம்பரில் ஒய்ஜியுடன் நான்கு பேரும் புதுப்பித்தது குழு வேலைகளுக்கான ஒப்பந்தத்தை மட்டும். தனிப்பட்ட வேலைகளுக்கு ஜென்னிக்கு ஓஏ, லிசாவுக்கு லவுட், ஜிசூவுக்கு பிளிசூ என்று சொந்த நிறுவனங்கள், ரோஸே தி பிளாக் லேபிள் பக்கம். ஆகவே அவர்களுடைய சோலோ ஆல்பத்தில் பாட்டு குறைவு, விளம்பரம் போதவில்லை என்று ஒய்ஜி கணக்கில் போய்த் திட்டினால் அங்கே அதைப் படிக்கிறவருக்குச் சிரிப்புதான் வரும். குழு ஆல்பம் என்றால் ஒய்ஜி, சோலோ என்றால் அந்தந்த நிறுவனம். முன்பு அந்தப் பெண்கள் எதையும் முடிவு செய்வதில்லை என்று நாம் சொல்லித் தப்பிக்க வைத்தோமே, சொந்த நிறுவனத்தில் அந்தச் சலுகையும் கிடையாது. அங்கே ஆல்பம் பிடிக்கவில்லை என்றால் அவர்கள் பெயரைச் சொல்லியே எழுதலாம், மரியாதையாக.