போனில் குர்த்தி போட்டுப் பார்ப்பது எப்படி: படத்தை எங்கே நம்பலாம், இஞ்ச் டேப்பை எங்கே நம்பலாம்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பண்டிகை நேரத்தில் துணி எடுத்தவர்களுக்கு அந்த நெரிசலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பல சிறிய கடைகளில் ட்ரையல் ரூம் இருக்காது. இருக்கும் கடையிலும் திரைக்கு வெளியே நான்கு பேர் காத்திருப்பார்கள். எக்ஸ்எக்ஸ்எல் கேட்டால் விற்பனையாளர் நம்மை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மேல்தட்டில் கை வைப்பார். அந்தப் பார்வை வேண்டாம் என்றுதான் எங்கள் பகுதிப் பெண்கள் பலர் ஆன்லைனுக்கு மாறினோம். இப்போது நம் புகைப்படத்தின் மீதே உடையை அணிவித்துக் காட்டும் வசதியும் வந்துவிட்டது. அதைப் பயன்படுத்திக் குர்த்தி, டாப்ஸ் வாங்குவதற்கு நான் பின்பற்றும் முறையை இங்கே எழுதுகிறேன். ஆப்பைப் பதிவிறக்குவது, கணக்குத் தொடங்குவது ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: உங்கள் படம்

காலை வெயில் ஏறுவதற்கு முன் மொட்டை மாடியில், வெற்றுச் சுவரின் முன் நின்று எடுப்பது நல்லது. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தால் கருவி அதையும் உடையாக எண்ணிக் குழம்பும். போனைக் கையில் பிடிக்காமல், இடுப்பு உயரத்தில் தண்ணீர் டிரம்மின் மேல் நேராகச் சாய்த்து வைத்து, டைமர் போட்டு, எட்டு அல்லது பத்து அடி தள்ளி நில்லுங்கள். முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்து எடுத்தால் கால்கள் குட்டையாகத் தெரியும். வைட் லென்ஸைத் தொடவே வேண்டாம், அது படத்தின் ஓரத்தில் இருப்பதை எல்லாம் இழுத்து அகலமாக்கும். துப்பட்டா இல்லாமல், உடம்போடு ஓரளவு ஒட்டிய உடையில், கைகளை உடலிலிருந்து சற்று விலக்கி நின்றால் போதும்.

படி 2: உடையின் படம்

உடை மட்டும் தனியாக, முன்பக்கம் முழுவதும் தெரியும் படத்தைத் தேர்ந்தெடுங்கள். மாடல் அணிந்து, இடுப்பில் கை வைத்து, துப்பட்டா போட்டிருக்கும் படம் உதவாது.

படி 3: எந்தக் கருவி?

கூகுள் 2023 ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் இதைத் தொடங்கியபோது நம் படத்தைக் கேட்கவில்லை. எக்ஸ்எக்ஸ்எஸ் முதல் 4எக்ஸ்எல் வரையிலான உண்மையான மாடல்களில் நமக்கு நெருக்கமான உடல்வாகு உள்ளவரைத் தேர்ந்தெடுத்து, அவர் மீது மேலாடையைப் பார்க்க வைத்தது. நம் சொந்தப் படத்தை ஏற்றும் வசதியை 2025 மே மாதத்தில்தான் அறிவித்தது. என்னைக் கேட்டால் முதல் முறையே மேல். படம் வெளியே போவதில்லை, எதிரில் இருப்பவர் உண்மையான உடலோடு இருக்கிறார். சொந்தப் படம்தான் வேண்டும் என்றால், நீங்கள் ஏற்கனவே நம்பிப் பொருள் வாங்கும் தளத்துக்குள்ளேயே இருக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் இணைப்பாக வரும் ஏபிகே கோப்பு (ப்ளே ஸ்டோர் வழியாக வராமல் செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) எதையும் நிறுவாதீர்கள். உடையை அணிவிப்பதாகச் சொல்லி வந்து உடையை நீக்கிக் காட்டும் செயலிகளும் உலவுகின்றன.

படி 4: கருவியைச் சோதிப்பது

என்னை மிகவும் அலைக்கழித்தது இந்தப் படிதான் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். நான் பயன்படுத்திய ஒரு செயலி காட்டிய படத்தில் பச்சைக் குர்த்தி அழகாக இருந்தது, நானும் அழகாக இருந்தேன், ஆனால் அது நானாக இல்லை. மேல்கை மெலிந்திருந்தது, இடுப்பு உள்வாங்கியிருந்தது, இடது கை வளையல்களில் இரண்டைக் காணோம். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நிலைக்கண்ணாடியைப் பார்த்தால் கண்ணாடிதான் பொய் சொல்கிறது என்று தோன்றும். அந்த மனநிலையில் வாங்கும் உடை பெரும்பாலும் ஒரு அளவு சிறியதாகவே இருக்கும்.

இது எப்படி நேர்கிறது என்றால், கருவி முதலில் உங்கள் தோள், முழங்கை, இடுப்பு எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடித்து, நீங்கள் அணிந்திருக்கும் உடையின் பகுதியை அழித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் புதிய உடையை வரைகிறது. அழிந்த பகுதிக்குள் உங்கள் உடலின் விளிம்பு எங்கே இருந்தது என்பதை ஓரளவு ஊகித்துத்தான் வரைய முடியும். அந்த ஊகம் பயிற்சிப் படங்களிலிருந்து வருகிறது. இந்தத் துறை ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும், 2021-இல் வெளிவந்த விட்டான்-ஹெச்டி என்ற தொகுப்பில், ஒரு பெண்ணின் படமும் அவர் அணிந்திருக்கும் மேலாடையின் படமுமாக 13,679 சோடிகள் உள்ளன. எல்லாமே ஸ்டுடியோ வெளிச்சத்தில் நேராக நிற்கும் பெண்கள், பெரும்பாலும் ஒல்லியான மாடல்கள். அவர்களைப் பார்த்துக் கற்ற கருவி நம்மையும் அந்தப் பக்கம் இழுப்பதில் வியப்பில்லை.

ஆகவே புதிய உடையைப் போட்டுப் பார்ப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். உங்களிடம் ஏற்கனவே உள்ள, உங்களுக்குப் பொருந்துகிற ஒரு குர்த்தியைத் தரையில் விரித்துப் படம் எடுங்கள். அதையே அணிந்தும் ஒரு படம் எடுங்கள். பிறகு விரித்த படத்தைக் கருவியில் கொடுத்து, முதல் படியில் எடுத்த உங்கள் படத்தின் மீது அணிவிக்கச் சொல்லுங்கள். உண்மையில் அணிந்த படத்தையும் கருவி வரைந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று இடங்களைப் பாருங்கள்: மேல்கை, இடுப்பு, அக்குளுக்குக் கீழே துணி மடியும் இடம். மேல்கை மெலிந்திருந்தால் அந்தக் கருவி ஆளைச் சுருக்குகிறது. அக்குளில் ஒரு மடிப்பு கூட இல்லையென்றால் அது உடையைப் போஸ்டர் போல ஒட்டியிருக்கிறது. இரண்டும் இருந்தால் வேறு கருவிக்குப் போய்விடுங்கள்.

தேறிய கருவியிடமும் அளவைக் கேட்காதீர்கள். தளத்தில் எஸ் அளவுக்கும் எக்ஸ்எக்ஸ்எல் அளவுக்கும் பெரும்பாலும் இருப்பது ஒரே படம்தான். அந்தப் படம் மட்டுமே கருவிக்குள் போகிறது என்றால், எந்த அளவைத் தேர்ந்தெடுத்தாலும் உடை பொருந்தியதாகவே வரையப்படும். கழுத்து வடிவம், நிறம், கை நீளம் நமக்கு எடுக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் படத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: இஞ்ச் டேப்

மேலே விரித்த அதே பழைய குர்த்தியை அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 21 அங்குலம் வந்தால் உடையின் மார்புச் சுற்றளவு 42. இடுப்பு, சீட், கைச்சுற்று ஆகியவற்றையும் இதே போல எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைச்சுற்றைப் பல அளவு அட்டவணைகள் தருவதே இல்லை, நமக்கோ பெரும்பாலும் அங்கேதான் பிடிக்கும்.

நம் ஊர்க் குர்த்திகளில் எம் என்றால் 38, எல் 40, எக்ஸ்எல் 42 என்பது பொதுவான கணக்கு. ஆனால் அந்த எண் உடலின் அளவா, தைத்த உடையின் அளவா என்பதைத் தளத்தில் தேடிப் பாருங்கள். மார்பு 40 உள்ளவர் தைத்த அளவு 40 என்று இருப்பதை வாங்கினால் மூச்சு விட இடமிருக்காது; நீளாத காட்டன் துணிக்கு இரண்டு முதல் நான்கு அங்குலம் கூடுதலாக வேண்டும். செ.மீ.யில் கொடுத்திருந்தால் 2.54 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

நிஃப்ட் என்ற தேசிய ஆடைத் தொழில்நுட்ப நிறுவனம் இந்தியர்களுக்கென்றே ஓர் அளவு முறையை உருவாக்க, ஆறு நகரங்களில் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் ஆய்வைத் திட்டமிட்டது. அந்த ஆறில் சென்னை இல்லை, தெற்குக்கு பெங்களூரு. இப்போதைய அட்டவணை உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் அட்டவணையைத்தான் குறை சொல்ல வேண்டும்.

படி 6: படத்தை அழிப்பது

வேலை முடிந்ததும் செயலியின் அமைப்புகளுக்குப் போய் ஏற்றிய படத்தை நீக்குங்கள். செயலியை மட்டும் நீக்கினால் படம் அவர்களிடமே இருக்கக்கூடும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், நம் தரவை அழிக்கக் கோரும் உரிமை இடம்பெற்றுள்ளது. படம் தவறாகப் பயன்படுத்தப்பட்டால் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் உடனே பதிவு செய்யுங்கள்.

வாசகிகள் எழுதிய பின் சேர்த்தவை

மண்ணடியிலிருந்து ஹிஜாப் அணியும் ஒரு வாசகி, கருவி ஸ்கார்ஃபை அழித்துவிட்டு இல்லாத கழுத்தை வரைகிறது என்று எழுதியிருந்தார். இதற்கு நான் கண்ட ஒரே வழி, படத்தைத் தாடைக்குக் கீழே வெட்டிக் கொடுப்பது அல்லது மாடல் மீது பார்ப்பது.

திருவொற்றியூர் வாசகி ஒருவர் தன் நிறம் படத்தில் இரண்டு ஷேடு வெளுத்திருந்ததாகச் சொன்னார். அப்படி வெளுத்த படத்தை வைத்து உடையின் நிறத்தை முடிவு செய்யக்கூடாது. அதே நிறத்தில் வீட்டில் இருக்கும் ஏதாவது துணியைக் கழுத்தருகே பிடித்து வெயிலில் பாருங்கள்.

புடவை பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். கொசுவமும் முந்தானையும் ஆளுக்கு ஆள் விழும் விதம் இந்தக் கருவிகளுக்குப் பிடிபடவில்லை. நான் பார்த்தவற்றில் முந்தானை தோளிலிருந்து எங்கோ மறைந்துவிடுகிறது. ப்ளவுஸின் கழுத்தைத் தேர்ந்தெடுக்க மட்டும் படம் பயன்படும். அதை டெய்லரிடம் காட்டலாம், ஆனால் தைக்கக் கொடுக்கும்போது அளவு ப்ளவுஸையும் சேர்த்தே கொடுங்கள்.