உமிச்சாம்பலைச் சீமெந்தில் கலக்கலாமா? கையளவில் ஒரு சோதனை

சம்மாந்துறைப் பக்கம் அரிசி ஆலைகளுக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் உமிச்சாம்பலைப் பார்த்திருப்பீர்கள். நெல்லில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் மிஞ்சுவது அதிலும் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். 1000 கிலோ நெல்லுக்கு 40 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக எரிந்த சாம்பலில் 85 முதல் 95 வீதம் வரை சிலிக்காதான்.

சீமெந்து தண்ணீரோடு சேரும்போது ஒட்டும் பசையோடு கல்சியம் ஐதரொட்சைட்டு என்ற சுண்ணாம்பும் உண்டாகும். அந்தச் சுண்ணாம்பால் பலத்துக்குப் பெரிய உதவி கிடையாது. சாம்பலின் சிலிக்கா அதோடு மெல்லச் சேர்ந்து மேலும் பசையாக மாறும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பல் சீமெந்தில் செய்வதும் இதே வேலைதான்.

முதல் தடவை நான் ஆலைச் சாம்பலைக் கறுப்பாக, அப்படியே அள்ளி வந்து கலந்தேன். தண்ணீர் ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டே இருந்தது. பார்த்துக்கொண்டு நின்ற மேசன் மாமா, "என்னகா தம்பி, இது வீடு கட்டவா, திருநீறு குழைக்கவா?" என்றார். மறுநாள் அச்சைக் கழற்றினேன். மூலை விரலோடு உதிர்ந்து வந்தது. கறுப்பு என்றால் எரியாத கரி. தண்ணீரைக் குடித்தது அதுதான்.

1. சாம்பலைத் தேர்ந்தெடுங்கள். சாம்பல் நிறமோ வெண்சாம்பல் நிறமோ வேண்டும். நீங்களே எரிப்பதென்றால், சுற்றிவரத் துளையிட்ட தகரப் பீப்பாவில் உமியை நிரப்பி, விசிறாமல், மங்கிய சிவப்பாகக் கனிய விடுங்கள். 500 முதல் 700 பாகை செல்சியஸ் நல்லது. அதற்கு மேல் கொதித்தால் சிலிக்கா பளிங்காக இறுகி மந்தமாகிவிடும். ஆற இரவு முழுக்க விடுங்கள், கிளறாதீர்கள்.

2. அரையுங்கள். பலத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது. உமிச்சாம்பல் உள்ளுக்குள் கடற்பஞ்சு போலத் துளைத்துளையானது. உரலில் இடித்து, 75 மைக்ரோன் அரிதட்டில் சலித்து, விரலிடையில் முகப்பவுடர் போல வழுக்கும் வரை விடாதீர்கள். முகமூடி கட்டாயம், இந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது. மிளகாய் அரைக்கும் மில்லுக்குக் கொண்டுபோய் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

3. சீமெந்துப் பையைப் படியுங்கள். எஸ்.எல்.எஸ். என்பது இலங்கைத் தரக் குறி. எஸ்.எல்.எஸ். 107 என்றால் சாதாரண போட்லண்ட் சீமெந்து, அதுதான் தேவை. எஸ்.எல்.எஸ். 1247 கலப்புச் சீமெந்து. அதில் ஏற்கெனவே வேறு பொருள் கலந்திருக்கும். அதன் மேல் நீங்களும் கலந்தால் கணக்குப் பிழைக்கும்.

4. இரண்டு கலவை போடுங்கள். 50 மில்லிமீற்றர் கனக்கட்டிகள் ஒவ்வொன்றிலும் ஆறு வரும். முதலாவது, சீமெந்து 500 கிராம், காய்ந்த ஆற்றுமணல் 1375 கிராம், தண்ணீர் 242 மில்லிலீற்றர். இரண்டாவதில் சீமெந்து 450 கிராம், சாம்பல் 50 கிராம். மணல் அதே அளவு. 10 வீதத்துக்கு மேல் இப்போதைக்கு ஆசைப்படாதீர்கள். தண்ணீர் கொஞ்சம் கூடக் கேட்கும். முதல் கலவையின் இளக்கம் வரும் வரை மட்டும் சேர்த்து, எவ்வளவு என்று எழுதி வையுங்கள். கூடிய ஒவ்வொரு சொட்டும் பலத்தில் கை வைக்கும்.

அச்சில் இரண்டு அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 32 குத்து. இரண்டு கலவைக்கும் ஒரே கை குத்தட்டும்.

5. நீரில் போடுங்கள். 24 மணித்தியாலம் கழித்து அச்சைக் கழற்றி, தண்ணீர் வாளியில் ஒரு பிடி சுண்ணாம்பு கரைத்து உள்ளே விடுங்கள். வெறுந்தண்ணீர் கட்டியிலிருந்து சுண்ணாம்பை உறிஞ்சிவிடும். சாம்பலுக்கு வேண்டியதே அதுதானே.

6. உடையுங்கள். ஒவ்வொரு கலவையிலும் 7ஆம் நாள் இரண்டு, 28ஆம் நாள் இரண்டு என்று அழுத்தப் பொறி உள்ள ஆய்வுகூடத்தில் கொடுங்கள். உடைந்த சுமையை 2500 சதுர மில்லிமீற்றரால் வகுக்க வேண்டும். 50 கிலோநியூட்டனில் உடைந்தால் சதுர மில்லிமீற்றருக்கு 20 நியூட்டன்.

7ஆம் நாள் சாம்பல் கட்டி பின்தங்கினால் பதற வேண்டாம். நன்றாக எரித்து அரைத்த சாம்பல் என்றால் 28ஆம் நாள் வெறுஞ்சீமெந்தைப் பிடித்துவிடும், சிலவேளை முந்தியும் விடும். அப்போதும் பின்தங்கினால் சாம்பலில்தான் குற்றம். முதல் படிக்குத் திரும்புங்கள்.

கட்டி தேறியதும் கொங்கிறீற் தட்டுக்கும் தூணுக்கும் ஓடாதீர்கள், அது பொறியியலாளர் கையெழுத்து வைக்க வேண்டிய வேலை. முற்றத்து நடைபாதை, வேலிச்சுவர்க் கல் போதும். வாவிக்கரையில் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: சாம்பல் துளைகளை அடைப்பதால் உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் தின்ன நாளெடுக்கும்.

ஒவ்வொரு கலவையிலும் மிச்சமுள்ள இரண்டு கட்டிகளும் 56ஆம் நாள் உடைக்கும் வரை வாளியிலேயே கிடக்கட்டும். வீட்டில் யாராவது தூக்கி வீசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.