பெருந்தொற்றுக் காலப் பயிற்சியை எழுத நினைக்கும் இளம் டாக்டர்களுக்கு

2020, 2021இல் ஹவுஸ் சர்ஜனாகவோ (பயிற்சி மருத்துவர்) பி.ஜி.யாகவோ (மருத்துவ மேற்படிப்பு மாணவர்) கோவிட் வார்டில் நின்றவர்கள் பலருக்கும் அதை எழுதிவிட வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. எழுதுங்கள். ஆனால் தியாகத்தில் தொடங்காதீர்கள், அதைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியாகிவிட்டது. அந்த நாட்களில் நீங்கள் வேலையை எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அதை எழுதுங்கள்.

ஒரு கட்டுரைக்கு ஒரு திறன் போதும். உதாரணமாக ஸ்டெதாஸ்கோப் இல்லாமல் நோயாளியைப் பார்ப்பது. பி.பி.இ. கிட் என்ற முழுப் பாதுகாப்பு உடைக்குள் நின்றுகொண்டு ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டுவதே பெரும்பாடு, அதனால் மூச்சை எண்ணுவது, ஒரு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் முடிக்கிறாரா என்று பார்ப்பது, கழுத்துத் தசைகள் இழுக்கின்றனவா என்று கவனிப்பது என்று கண்ணாலேயே நோயாளியை மதிப்பிடப் பழகினோம். இதை யார் சொல்லித் தந்தார்கள்? பல வார்டுகளில் அது இரவு டியூட்டி ஸ்டாஃப் நர்ஸ்தான். கிட்டைப் போடுவதைவிடக் கழற்றும்போதுதான் தொற்று அபாயம் அதிகம் என்பதைப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு படியாகச் சொன்னவரையும், ஆக்ஸிஜன் அளவு உயர நோயாளியைக் குப்புறப் படுக்க வைக்கும்போது ஆக்ஸிஜன் குழாயைப் பிடித்துக்கொண்ட வார்டு பணியாளரையும் கட்டுரைக்குள் கொண்டுவாருங்கள்.

மருத்துவச் சொல்லை விளக்குவதைவிட, பார்த்ததைச் சொல்வது நல்லது. ‘ஹாப்பி ஹைப்பாக்ஸியா’ என்று எழுதி அதற்கு ஒரு பத்தி விளக்கம் தரவேண்டாம். விரலில் மாட்டிய கருவி ஆக்ஸிஜன் அளவு 82 என்று காட்டுகிறது, 95க்கு மேல் இருக்க வேண்டியது, அவரோ போனில் மகளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எழுதினால் யாருக்கும் புரியும்.

அடுத்தது தேதி. இதில்தான் நிறைய கவனம் வேண்டும், ஏனென்றால் அப்போது மருத்துவ அறிவே மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டிருந்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து உயிர் காக்கும் என்று தெரிந்தது 2020 ஜூனில். குணமானவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்துத் தரும் பிளாஸ்மா சிகிச்சையை நம் நாட்டு வழிகாட்டுதலிலிருந்து எடுத்தது 2021 மே மாதத்தில். ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை மருத்துவமனை நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தும், அடுத்த வருடம் ஏப்ரல், மே மாதங்களில் அந்த மருந்துக்காக சென்னையில் முதலில் கீழ்ப்பாக்கத்திலும் பிறகு நேரு ஸ்டேடியத்திலும் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். எங்கேயாவது வாங்கிக் கொடுங்க டாக்டர் என்று கேட்டவரிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? அன்றைக்குத் தெரிந்ததை வைத்து அதை எழுதுங்கள், பிறகு தெரியவந்ததைத் தனியாகச் சொல்லுங்கள். இரண்டையும் கலந்தால் அன்றைய தடுமாற்றம் மறைந்துவிடும், வாசகர் பார்க்க வேண்டியதே அந்தத் தடுமாற்றத்தைத்தான்.

கிடைக்காத பயிற்சியையும் எழுதுங்கள். திட்டமிட்ட அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போனதில் சர்ஜரி பி.ஜி.க்கள் எத்தனையோ கேஸ்களை இழந்தார்கள். 2021 ஏப்ரல் 18இல் நடக்கவேண்டிய மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வு செப்டம்பர் 11க்குப் போனது, இடம் ஒதுக்கும் கவுன்சிலிங்கோ 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. அதுவரை முதலாமாண்டு பி.ஜி.க்களே இல்லாமல் யூனிட்டுகள் ஓடின, அந்த வேலையெல்லாம் இருந்தவர்கள் தலையில் விழுந்தது. இதைப் புலம்பலாக நினைத்துத் தயங்கவேண்டாம், ஒரு தலைமுறை டாக்டர்களின் படிப்பைப் பற்றிய பதிவு இது.

ஞாபகத்தை மட்டும் நம்பி எழுதாதீர்கள். பழைய டியூட்டி ரோஸ்டர், வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகள், உடன் இருந்த நண்பர்கள் எல்லாம் உதவும். நோயாளியின் சிகிச்சைக் குறிப்புகள் உள்ள கேஸ் ஷீட் வேண்டாம், அதில் இருப்பது அவருடைய அந்தரங்கம்.

நோயாளியின் அனுமதி விஷயத்தில் சமரசமே கூடாது. அடையாளம் தெரியும்படி படமோ கேஸ் விவரமோ அனுமதியில்லாமல் வெளியிடக்கூடாது என்று 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிமுறைகள் சொல்கின்றன. அடையாளம் தெரியாவிட்டால் அனுமதி தேவையில்லை என்றும் சொல்கின்றன, ஆனால் அதை நம்பி அசட்டையாக இருக்காதீர்கள். பெயரை எடுத்துவிட்டாலும் ஊர், தொழில், இறந்த தேதி மூன்றும் சேர்ந்தால் சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்காகப் பொய்யான ஊரைச் சேர்க்கவேண்டாம், சொல்லாமல் விட்டுவிடுங்கள். இறந்தவரின் கடைசி நேரத்தை எழுதுவதாக இருந்தால் குடும்பத்திடம் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அந்தப் பக்கம் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் வெளியே வரக்கூடாது.

எழுதி முடித்ததும் அதே வார்டில் வேலை செய்த ஒரு நர்ஸிடம் படிக்கக் கொடுங்கள், எங்கே மிகைப்படுத்தியிருக்கிறீர்கள் என்று அவருக்கு உடனே தெரியும். அப்புறம் மருத்துவம் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். அரசுப் பணியில் இருந்தால் வெளியிடுவதற்கு முன் அரசு ஊழியர் நடத்தை விதிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.