கிறிஸ்டோபர் ஹில்லைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னர் தலை உருண்ட 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சாமானியர்கள் என்னென்ன துணிந்து சிந்தித்தார்கள் என்று தேடுவதிலேயே ஆயுளைச் செலவிட்டவர் வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் ஹில் (1912–2003). அவரை ‘மார்க்சியர்’ என்று முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. 1940-இல் எழுதிய சிறுநூலில், மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரை வர்க்கப் போராகவே அவர் விளக்கினார். 1957-இல் கம்யூனிஸ்ட் கட்சியை விட்டு விலகினார். பிற்காலத்தில், முதலாளி வர்க்கம் திட்டமிட்டு நடத்திய புரட்சி அல்ல அது, விளைவில்தான் முதலாளித்துவத்துக்கு வழிவிட்டது என்று எழுதினார். எனவே ஒரு வரியை மேற்கோள் காட்டும் முன் அது எந்த ஆண்டு எழுதியது என்று பார்த்துவிட வேண்டும்.

அந்தக் காலத்தில் எழுந்த, அவர் தன் நூல்களில் ஆராய்ந்த தீவிரக் குழுக்களை ஒரே கூட்டமாகக் கருதுவதும் தவறு. லெவலர்கள் வாக்குரிமை கேட்டார்கள். சொத்தைச் சமமாகப் பங்கிடும் எண்ணம் தங்களுக்கு இல்லை என்று அச்சிட்டே அறிவித்தார்கள். வின்ஸ்டன்லி தலைமையில் திரண்ட டிக்கர்களோ 1649 ஏப்ரலில் சர்ரேயில் உள்ள செயின்ட் ஜார்ஜ் குன்றின் பொதுநிலத்தைக் கொத்தி, கேரட்டும் அவரையும் விதைத்தார்கள். பூமி எல்லோருக்கும் பொதுக் கருவூலம் என்பது அவர்களுடைய வாதம். அக்கம்பக்கத்து நிலவுடைமையாளர்கள் அவர்களை நிம்மதியாக இருக்க விடவில்லை. சுமார் ஓராண்டில் எல்லாம் முடிந்துபோயிற்று.

என்னை மிகவும் உறுத்துவது ரான்டர்கள் விஷயத்தில் நடக்கும் தவறு. கடவுளை உள்ளத்தில் கண்டவருக்குப் பாவமே கிடையாது என்று சொன்னதாகக் கூறப்படுபவர்கள் இவர்கள். இவர்களைப் பற்றிக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி, பகைவர்கள் எழுதிய பரபரப்புத் துண்டுப் பிரசுரங்கள். மதுக்கடைக் கூத்து, நிர்வாண நடனம் என்று அவை அள்ளிவிடும் கதைகளைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1986-இல் வரலாற்றாசிரியர் ஜே. சி. டேவிஸ் ஒருபடி மேலே போய், அப்படியொரு இயக்கமே இருந்ததில்லை என்று வாதிட்டார். இல்லாத இயக்கத்தை இருந்ததாக நம்பி ஹில் ஏமாந்துவிட்டார் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அவருடைய 1972 நூலைத் திறந்து பார்த்தால், ரான்டர்களுக்கு அமைப்பு என்று ஒன்று இருந்ததா என்பதே மிகவும் ஐயத்துக்குரியது என்று அவரே எழுதியிருப்பது தெரியும். அதற்காக, கைப்பட எழுதிச் சிறை சென்ற, ரான்டர் எனப்பட்ட அபீசர் காப்பையும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. அவருடைய நூலை எரிக்கும்படி நாடாளுமன்றமே 1650-இல் உத்தரவிட்டது.

ஹில் அச்சு நூல்களையே பெரிதும் நம்பினார், தன் வாதத்துக்கு ஏற்ற வரிகளை மட்டும் பொறுக்கினார் என்று 1975-இல் வரலாற்றாசிரியர் ஹெக்ஸ்டர் கடுமையாகச் சாடினார். இதை ஒதுக்காமல் படிக்க வேண்டும். குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆனால் 1640-களில் தணிக்கை சரிந்தபின் 1661 வரை கொட்டிய பிரசுரங்களில், லண்டன் புத்தக வியாபாரி தாமசன் சேர்த்து வைத்தவை மட்டுமே சுமார் 22,000. அந்தக் குவியலில் மூழ்கி எழுந்த உழைப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

1660-இல் மன்னராட்சி திரும்பியதும் இந்தச் சிந்தனைகள் மாய்ந்துவிட்டன என்று முடிவு கட்டுவது இன்னொரு தவறு. தணிக்கை திரும்பிவிட்டது, ஆகவே அச்சில் குரல் குறைந்தது. தோற்றவர்கள் அதன்பின் என்ன ஆனார்கள் என்பதற்கென்றே ஹில் 1984-இல் தனி நூல் எழுதினார். டிக்கர்களை வழிநடத்திய வின்ஸ்டன்லியே பின்னாளில் காப்ஹம் (Cobham) என்ற ஊரில் தேவாலயப் பொறுப்பாளராகவும் இருந்தார்.