தள்ளுபடி தொடங்கும் முன்பே டிவியைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்

விடுமுறைக் காலத் தள்ளுபடியில் பலர் கடைக்குள் நுழைந்த பிறகுதான் எந்த டிவி வேண்டும் என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். சுற்றிலும் இருபது திரைகள் பளபளத்துக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றின் தலையிலும் 'இன்று மட்டும்' என்று ஓர் அட்டை தொங்கும். அந்தக் கூச்சலில் நிதானம் எங்கிருந்து வரும்? டிவியை வீட்டில் உட்கார்ந்தே தேர்ந்தெடுத்துவிட்டு, தள்ளுபடி நாளில் விலையை மட்டும் பார்க்கப் போகலாம். அதற்கு ஒரு மாலை நேரமும் ஓர் இன்ச் டேப்பும் போதும்.

படி 1: அறையை அளந்துகொள்ளுங்கள்

நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து டிவி வரப்போகும் சுவர் வரை அளவெடுங்கள். திரையின் அளவு என்று சொல்லப்படுவது அதன் மூலைவிட்ட நீளம். அந்த நீளத்தைப் போல் 1.2 முதல் 1.6 மடங்கு தொலைவில் உட்கார்ந்தால் 4கே படம் நன்றாகத் தெரியும். 55 அங்குலம் என்பது ஏறக்குறைய 140 செ.மீ.; அதற்கு 1.7 முதல் 2.2 மீட்டர் தொலைவு பொருந்தும். சோஃபா இரண்டரை மீட்டர் தள்ளி இருந்தால் 65 அங்குலம் வாங்கத் தயங்க வேண்டாம்.

கணக்கில் நம்பிக்கை வராதவர்கள் பழைய செய்தித்தாள்களை ஒட்டிப் பாருங்கள். 55 அங்குலத் திரை சுமார் 122 செ.மீ. அகலம், 68.5 செ.மீ. உயரம், 65 அங்குலம் சுமார் 144க்கு 81. அந்த அளவில் தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் அப்படியே விட்டுவையுங்கள். முதல் நாள் பூதம்போல் தெரிவது இரண்டாம் நாள் கண்ணுக்குப் பழகிவிடும். உட்கார்ந்த நிலையில் உங்கள் கண் திரையின் நடுப்பகுதிக்கு நேராகவோ சற்று மேலாகவோ இருக்கட்டும். அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும்.

மேசையையும் மறக்காதீர்கள். இதை அனுபவித்துவிட்டுத்தான் சொல்கிறேன். நான் வாங்கிய முதல் பெரிய டிவிக்குக் கால்கள் இரண்டு ஓரங்களிலும் இருந்தன. என் மேசையோ நான்கு விரல் அகலம் குறைவு. புது மேசை வரும்வரை அந்த டிவி தரையில் சுவரோரமாகச் சாய்ந்து நின்றது, நாங்களும் பாயில் உட்கார்ந்து பார்த்தோம். கால்களுக்கிடையே உள்ள தூரம் விவரப் பட்டியலில் இருக்கும். சுவரில் மாட்டுவதானால், பின்புறத் துளைகளின் இடைவெளி (வீசா அளவு, 400க்கு 300 மி.மீ. என்பதுபோல் எழுதியிருக்கும்) நீங்கள் வாங்கும் சட்டத்தோடு பொருந்த வேண்டும்.

படி 2: வெளிச்சத்துக்கு ஏற்ற திரை

'எல்இடி டிவி' என்று விற்கப்படுவது, பின்னால் எல்இடி விளக்குகள் எரியும் எல்சிடி திரைதான். க்யூஎல்இடியும் அதே குடும்பம். வண்ணத்தைக் கூட்டும் குவான்டம் டாட் அடுக்கு மட்டும் கூடுதல். மினி எல்இடியில் பின்விளக்குகள் மிகச் சிறியவை. அவை பல பகுதிகளாகப் பிரிந்து தனித்தனியே மங்குவதால் கறுப்பு ஆழமாகத் தெரியும். ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். இரவுக் காட்சியில் கறுப்பு உண்மையான கறுப்பாக இருக்கும்.

பகலில் ஜன்னல் வெயில் திரைமேல் விழும் அறைக்கு மினி எல்இடி. இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பவர்களுக்கு ஓஎல்இடி. ஆனால் நாள் முழுவதும் ஒரே செய்திச் சேனல் ஓடும் வீட்டில் நான் ஓஎல்இடி வாங்க மாட்டேன். மூலையில் அசையாமல் நிற்கும் சின்னம் காலப்போக்கில் திரையில் தடமாகப் பதிந்துவிடும் ஆபத்து உண்டு.

படி 3: பெட்டிமேல் இருக்கும் எண்கள்

4கே (3840க்கு 2160 புள்ளிகள்) போதும். 8கே தரத்தில் பார்க்க நிகழ்ச்சிகள் மிகக் குறைவு. எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் நுட்பம்) முத்திரை ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளிலும் இருக்கிறது, ஆனால் திரைக்குப் போதிய பிரகாசம் இல்லாவிட்டால் அந்த முத்திரையால் பயனில்லை. மதிப்புரைகளில் பிரகாசத்தைக் குறிக்கும் 'நிட்ஸ்' அளவைத் தேடிப் பாருங்கள். 'மோஷன் 240' போன்ற பெயர்களைத் தள்ளிவிட்டு, பேனலின் (திரைப் பலகையின்) ரிஃப்ரெஷ் ரேட், அதாவது படம் நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பது, 60 ஹெர்ட்ஸா 120 ஹெர்ட்ஸா என்று மட்டும் கேளுங்கள். திரைப்படத்துக்கும் செய்திக்கும் 60 தாராளம். விளையாட்டுக்கும் கேம் ஆடுவதற்கும் 120 நல்லது.

கேம் கன்சோல் வைத்திருப்பவர்கள் எச்டிஎம்ஐ துளைகளையும் எண்ணுங்கள். நான்கு இருந்தாலும் பல மாடல்களில் இரண்டு மட்டுமே 4கே 120 ஹெர்ட்ஸ் ஏற்கும். அந்த இரண்டில் ஒன்றையே சவுண்ட் பாருக்கு ஒலியை அனுப்பும் 'இஆர்க்' இணைப்பு பிடித்துக்கொள்வதும் உண்டு.

ஸ்மார்ட் வசதியை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மந்தமாகிவிட்டால் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகிச் சமாளிக்கலாம். பேனலை அப்படி மாற்ற முடியாது.

படி 4: மாடல் எண்ணை முழுதாக எழுதுங்கள்

பொறுமை தேவைப்படும் படி இது. ஒரே தொடர், ஒரே தோற்றம், மாடல் எண்ணின் கடைசியில் ஓர் எழுத்து மட்டும் வேறு. அந்த ஓர் எழுத்துக்குப் பின்னால் மங்கலான பேனலோ, குறைந்த எச்டிஎம்ஐ துளைகளோ, 120க்குப் பதில் 60 ஹெர்ட்ஸோ ஒளிந்திருக்கலாம். தள்ளுபடிக்காலத்துக்கென்றே இப்படிச் சிக்கனமாகச் செய்யப்படும் மாடல்கள் உண்டு. எனவே மதிப்புரையில் படித்த எண்ணும் பெட்டியில் இருக்கும் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இரண்டு அல்லது மூன்று மாடல்களைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் நீங்கள் தரத் தயாராக இருக்கும் உச்ச விலையைக் குறியுங்கள். அடித்துக் காட்டப்படும் 'பழைய விலை'யைப் பொருட்படுத்தாதீர்கள். விலை வரலாற்றைக் காட்டும் தளங்களில் கடந்த சில மாதங்களின் விலையைப் பாருங்கள். புதிய மாடல்கள் வந்த பிறகு, போன ஆண்டின் உயர்ரக மாடல் இந்த ஆண்டின் நடுத்தர மாடல் விலைக்கு இறங்குவதுண்டு. எனக்குப் பிடித்த பேரம் அதுதான்.

படி 5: கடையில்

கடைத் திரைகள் கண்ணைப் பறிக்கும் 'விவிட்' அமைப்பில் ஓடும். ரிமோட்டை வாங்கி 'சினிமா' அமைப்புக்கு மாற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் நகர்ந்து நின்று பாருங்கள். சில எல்சிடி திரைகளில் நிறம் வெளுத்துப்போவது அப்போது தெரியும். காட்சிக்கு வைத்திருந்த பெட்டியை விலை குறைத்துத் தந்தாலும் நான் எடுக்க மாட்டேன். அது எத்தனை நாள் முழுப் பிரகாசத்தில் எரிந்ததோ! பணம் கட்டும் முன், திருப்பித் தரும் கால அளவையும், உத்தரவாதம் பேனலுக்கும் பொருந்துமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

படி 6: வீட்டுக்கு வந்தபின்

பெட்டியை நிமிர்த்தியே வையுங்கள். படுக்கப் போட வேண்டாம். பிரிக்கும்போது துணைக்கு ஒருவர் இருக்கட்டும், திரைமேல் கை அழுந்தக் கூடாது. இயக்கியதும் முழுச் சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திரையில் ஓடவிட்டு, எரியாத புள்ளியோ கறையோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அமைப்புகளில் 'மோஷன் ஸ்மூத்திங்' என்பதை அணையுங்கள். திரைப்படம் நொடிக்கு 24 படச் சட்டங்களில் (ஃபிரேம்) ஓடுவது; டிவி இடையில் தானாகச் சட்டங்களைச் செருகினால் எந்தப் படமும் மெகா சீரியல்போல் ஆகிவிடும். 'ஃபிலிம்மேக்கர்' அமைப்பு இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

திருப்பித் தரும் காலம் முடியும்வரை காலி அட்டைப்பெட்டியைத் தெர்மோகோலோடு பத்திரப்படுத்துங்கள். அதுவரை வீட்டுப் பிள்ளைகள் அதற்குள் வீடு கட்டாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.